கம்பியில் போன கொழுந்தும் நடந்து போன நாமும்

பதுளை மாவட்டத் தோட்டங்களில் பிறந்து, இப்போது கொழும்பிலும் கண்டியிலும் வேலை பார்த்துக்கொண்டு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வந்துபோகும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,



அடுத்த முறை லீவில் வரும்போது ஒரு நாளை எல்லவுக்கென்று எடுத்து வையுங்கள். ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படம் பிடித்துவிட்டு அடுத்த ரயிலுக்குத் திரும்பிவிடாதீர்கள். பசறை வீதியில் கொஞ்ச தூரம் நடந்து, சின்ன சிவனொளிபாத மலைக்கு ஏறுகிற பாதையில் திரும்புங்கள். அங்கே தேயிலைக்கு மேலாக இரண்டு கம்பிகள் பக்கம் பக்கமாகப் போவது தெரியும். ஆட்கள் தொங்கிப் பறக்கும் ஸிப்லைன் அது; ‘ஃப்ளையிங் ராவணா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புஷ்பக விமானத்தில் பறந்தவனின் பெயர், அவன் பெயரிலேயே அருவியும் குகையும் இருக்கும் ஊரில். அந்தக் கம்பியில் நீங்கள் ஒரு தடவை போய்வர வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

‘அதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு, அக்கா.’ பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் இந்தப் பேச்சை எடுத்தபோதெல்லாம் உங்களில் பலர் சொன்ன பதில் இது. கோபத்தோடு யாரும் சொல்லவில்லை. கிழக்கே சூரியன் உதிக்கும் என்பதைப் போல இயல்பாகச் சொன்னீர்கள். அந்த இயல்புதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. நம் தாத்தா பாட்டி காட்டை வெட்டித் திறந்த மலை இது. கான் வெட்டியதும், கல் அடுக்கியதும், கன்று நட்டதும், கவ்வாத்து வெட்டியதும் அவர்கள். அதன் சந்தோஷத்துக்கு மட்டும் நாம் விருந்தாளி ஆனது எப்படி?

மலையை நாம் எப்படித் தெரிந்துவைத்திருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ஐந்தாம் நம்பர் மலை, ஏழாம் நம்பர் மலை என்று நம்பரால் தெரியும். எந்த மலையில் அட்டை அதிகம், எங்கே குளவிக்கூடு, எந்தச் சரிவில் மழைக்குக் கால் வழுக்கும், எந்த மலையில் நிறுவைக்குப் போக இரண்டு தடவை ஏறி இறங்க வேண்டும் என்பதெல்லாம் அம்மாவின் காலுக்கு மனப்பாடம். பொழுது விடியுமுன் பெரட்டுக்கு, வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகிறவளுக்கு நமுனுகுலை மலை மேல் வெளிச்சம் விழுவதை நின்று பார்க்க நேரம் ஏது? கிலோ குறைந்தால் அரைப் பேர், அரை நாள் சம்பளம். மலை நமக்கு வேலையாகவே இருந்துவிட்டது. அதை அழகு என்று சொல்லும் உரிமையை, டிக்கெட் வாங்கி வருகிறவர்களுக்கு நாமே எழுதிக் கொடுத்துவிட்டோம்.

கம்பியில் பறப்பதும் நம் மலைக்குப் புதிதில்லை. செங்குத்தான பழைய தோட்டங்களில், உயரத்து மலையிலிருந்து தேயிலை ஃபெக்டரி வரைக்கும் உருக்குக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தார்கள். பச்சைக் கொழுந்து மூட்டையைக் கொக்கியில் மாட்டி விட்டால், தன் பாரத்திலேயே பள்ளத்தாக்கைத் தாண்டிக் கீழே போய்ச் சேரும். பறித்த கொழுந்து நசுங்காமலும் சூடேறாமலும் சீக்கிரம் வாட்டும் தட்டுக்குப் போக வேண்டும், தாமதித்தால் தேயிலையின் தரம் போய்விடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. லொறிப் பாதைகள் வந்த பிறகு அந்தக் கம்பிகள் பெரும்பாலும் போய்விட்டன. பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், சில தோட்டங்களில் கம்பி கட்டிய தூண் நின்ற இடத்தைக் காட்டக்கூடும். மேலே மூட்டை கம்பியில் போனது. அதே கொழுந்தைப் பறித்தவள் அதே மலையை நடந்து இறங்கினாள். மழையில், வெறுங்காலில், பிள்ளைக் காம்பராவில் விட்டுவந்த குழந்தை பாலுக்கு அழும் என்ற நினைப்போடு. இந்த இரண்டு காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் நான் முடிவு செய்தேன், இந்தக் கம்பியில் நம் ஆட்கள் போயே ஆக வேண்டும் என்று.

போனால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், முன்பே தெரிந்திருந்தால் பயம் குறையும். முதலில் எடை பார்ப்பார்கள். கூச்சப்பட வேண்டாம், காரணம் இருக்கிறது, கீழே எழுதியிருக்கிறேன். பிறகு ஹெல்மெட். அப்புறம் ஹார்னஸ்: இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை, இரண்டு தொடைக்கும் இரண்டு வளையம். வழிகாட்டி ஒவ்வொரு பக்கிளையும் இழுத்து இறுக்கிப் பார்ப்பார். என்னைத் தயார் செய்த தம்பி முதலில் சிங்களத்தில்தான் பேசினார். நான் பக்கத்திலிருந்தவரிடம் பேசிய தமிழைக் கேட்டதும், ‘பயமா இருக்கா அக்கா?’ என்றார். பதில் சொல்வதற்குள், ‘பட்டையில் நல்லா உட்காருங்க, கம்பியைக் கையால பிடிக்க நினைக்காதீங்க’ என்று அடுத்த வேலையைச் சொல்லிவிட்டார். மலைக்கூடையின் கயிறு தலையில் பாரத்தை ஏற்றும். இந்தப் பட்டை உடம்பின் பாரத்தைத் தொடைக்குக் கொடுத்துவிடுகிறது. கழுத்துக்கும் தோளுக்கும் ஒன்றும் இல்லை என்று உணரும்போதே பாதிப் பயம் போகும்.

மேடை ஓரத்தில் கால் எடுத்த கணம் வயிறு கீழே இறங்கும். அதை யாரும் மறைக்கத் தேவையில்லை. அது கொஞ்ச நேரந்தான். கப்பியின் சக்கரம் கம்பியில் உரசும் இரைச்சல் காதுக்கு மேலே எழும்பி ஒரே சுருதியில் நிற்கும். காற்று முகத்தில் அடிக்கும். அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமான கம்பி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம் என்கிறார்கள். ஆனாலும் கீழே பார்க்க நேரம் இருக்கிறது. பாருங்கள். தேயிலை வரிசைகள் மலையின் வளைவுக்கு வளைந்து போவது தெரியும். அவற்றுக்குக் குறுக்கே கான்கள். நம் ஆண்கள் மண்வெட்டியால் வெட்டிய கான்கள். தரையில் நிற்கும்போது அது ஒரு பள்ளம், தாண்டிப் போவோம். மேலிருந்து பார்த்தால்தான் அவை மலையின் முழு உடம்பிலும் சரிவு தப்பாமல் ஓடுவதும், மழைத் தண்ணீரை மண்ணைக் கரைக்கவிடாமல் ஓரமாக இறக்கிக்கொண்டு போவதும் புரிகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று யாரைச் சொன்னார்களோ, அவர்கள் மலை மேல் போட்ட கணக்கு அது. எனக்குக் கண் கலங்கியது, அது காற்றினால் மட்டும் இல்லை.

இப்படி மேலிருந்து பார்ப்பதற்கு வேறு பயனும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதியை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடிய காலை. எல்லவிலிருந்து அது தூரத்து இடமில்லை, இதே மாவட்டம், இதே மலைத்தொடரின் தெற்குச் சரிவு. எந்தச் சரிவில் புல்லும் மரமும் இல்லாமல் மண் தெரிகிறது, எந்தக் கான் அடைபட்டுத் தண்ணீர் தேங்குகிறது, எந்த இடத்தில் மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார்க்கப் பழகிய கண் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். நிலத்தில் புது வெடிப்பு, திடீரென்று கிளம்பும் ஊற்று, கலங்கி வரும் பீலித் தண்ணீர் எல்லாம் மண்சரிவுக்கு முன்னால் மலை காட்டும் அறிகுறிகள். லயத்துக்குள் இருந்து பார்த்தால் மலையின் ஒரு துண்டுதான் தெரியும். முழுதாகப் பார்த்தவன்தான் எங்கே ஆபத்து என்று கேள்வி கேட்பான்.

பாதுகாப்பைப் பற்றி உங்கள் அம்மா கேட்கப்போகும் கேள்விகளுக்கு வருகிறேன். கம்பி என்றால் தந்திக் கம்பி மாதிரி ஒற்றைக் கம்பி அல்ல; பல உருக்கு இழைகளை முறுக்கிச் செய்த கயிறு. உங்களைத் தாங்குவது கப்பி, அதோடு தனியாகப் பாதுகாப்புக்கென்று இன்னொரு இணைப்பு. இரண்டும் மாட்டியிருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பாருங்கள், வாய்விட்டுக் கேளுங்கள். கம்பி நடுவில் தொய்வாக இருக்கும். அந்தத் தொய்வு வரை வேகம் கூடும், பிறகு முடிவை நெருங்கும்போது கம்பி சற்று எழும்புவதால் வேகம் தானாகவே குறையும். மிச்ச வேகத்தை பிரேக் பிடித்து நிறுத்தும். அந்த பிரேக் தவறினாலும் பிடிக்க இரண்டாவது பிரேக் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அடிப்படை. ஐரோப்பாவில் கயிற்றுப் பூங்காக்களுக்கென்றே ஈ.என். 15567 என்ற தர விதி இருக்கிறது. நம் நாட்டில் எந்த மலையில் எந்த ஸிப்லைனுக்குப் போனாலும், ‘இன்று காலை கம்பியைப் பரிசோதித்தீர்களா, முதலில் போனது யார், இரண்டாவது பிரேக் எது?’ என்று கேளுங்கள். நல்ல இடத்தில் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்கள். காலையில் ஊழியர்களில் ஒருவர் முதலில் போய்ப் பார்த்த பிறகுதான் வருகிறவர்களை அனுப்புவார்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் காசு கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். அது வெட்கமில்லை.

எடை பார்ப்பதன் காரணம்: பாரமானவர் வேகமாகப் போவார், லேசானவரை எதிர்க்காற்று தடுத்து நிறுத்தும். மெலிந்த பிள்ளை ஒருத்தி கம்பியின் நடுவிலேயே நின்றுவிடுவது உண்டு. பயப்பட ஒன்றுமில்லை, வழிகாட்டி அதே கம்பியில் வந்து இழுத்துக்கொண்டு போவார். அதுவும் அவர்கள் பழகிய வேலை. அதனால்தான் எடைக்கு மேல் எல்லை இருப்பது போலக் கீழ் எல்லையும் உண்டு.

காற்று என்றதும் ஊவாக்காரருக்கு ஞாபகம் வருவது கச்சான்தான். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை, மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி வறண்டு வரும் காற்று. அந்தக் காற்றில் இலை வாடி வாசம் ஏறுவதால்தான் அந்த மாதங்களின் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு. ஆனால் கம்பியில் போகிறவருக்கு அதே காற்று சோதனை. பலமாக வீசினால் நிறுத்தி வைப்பார்கள், காத்திருங்கள். தீபாவளி லீவில் வருகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடி மின்னலோடு மழை வரும், மலை உச்சியில் கட்டிய இரும்புக் கம்பிக்கும் மின்னலுக்கும் ஆகாது. பொங்கலுக்கு வருகிறவர்களுக்கு மழையும் மூடுபனியும் இருக்கலாம், ஆனால் வெளித்த நாளில் எல்லக் கணவாய் வழியே தெற்குச் சமவெளி வெகு தூரம் தெரியும்.

இப்போது காசுப் பேச்சு. சீட்டின் விலை நம் அம்மாக்களின் ஒரு நாள் பேரைவிட அதிகம். இதை மறைத்து உங்களை அழைக்க மாட்டேன். நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு எத்தனை வருஷம் போராடி, 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது என்பதை வாழ்ந்து பார்த்தவர்கள் நாம். அந்தக் காசுக்கு வீட்டில் அரிசி வாங்கலாம், உண்மை. வீட்டில் கடன் இருக்கிறவரை, தம்பியின் பரீட்சைக் கட்டணம் கட்ட இருக்கிறவரை, நான் கூப்பிடவில்லை. ஆனால் நீங்கள் சம்பாதிக்கிறீர்கள். ஊருக்கு வரும்போது நண்பர்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கிறீர்கள், பெட்டி நிறையச் சாமான் கொண்டுவருகிறீர்கள். அந்தச் செலவுகளின் வரிசையில் இதற்கும் ஒரு இடம் கொடுக்கலாம். உள்ளூர்க்காரருக்குத் தனி விலை உண்டா என்று கேளுங்கள், தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். 1948இல் குடியுரிமையை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நம்மில் எத்தனையோ பேர் நாடற்றவர்களாக இருந்தார்கள். அந்த அட்டையை இந்த நாட்டின் பிரஜையாக எல்லவில் ஒரு கவுண்டரில் நீட்டி, எனக்கும் ஒரு சீட்டு என்று கேட்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை.

தனியாகப் போவதைவிடக் கூட்டமாகப் போவது நல்லது. தோட்டத்து இளைஞர் கழகங்களும் பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களும் கிரிக்கெட் போட்டிக்கும் கோயில் திருவிழாவுக்கும் காசு சேர்க்கின்றன. அதே மாதிரி சேர்த்து, கூட்டம் குறைவான நாளில், ஓ.எல். எழுதி முடித்த பிள்ளைகளைக் கூட்டிப்போகக் குழு விலை கேட்கலாம். கேட்டால் ‘இல்லை’ என்று சொல்வார்கள், அவ்வளவுதானே. நாம் இதுவரை கேட்கவேயில்லை.

அந்தப் பிள்ளைகளைக் கூட்டிப்போகச் சொல்வதற்கு இன்னொரு காரணம், வேலை. இந்த விளையாட்டின் ஒரு வேர் ஆராய்ச்சியில் இருக்கிறது. 1970களில் டொனால்ட் பெரி என்ற உயிரியலாளர் கொஸ்டா ரிக்காவின் மழைக்காட்டில், மர உச்சிகளில் வாழும் உயிர்களைப் பார்க்கக் கயிறு கட்டி ஏறினார். 1990களில் அதே நாட்டில் மொன்டேவெர்டே என்ற மலைப் பகுதியில் அது சுற்றுலாவாக வளர்ந்தது. இப்போது உலகமெங்கும் மலை உள்ள ஊர்களில் இது தொழில். அதற்கு வேண்டியவை என்ன? உயரத்துக்கு அஞ்சாத கால், முடிச்சுப் போடத் தெரிந்த கை, வானத்தைப் பார்த்து மழை சொல்லத் தெரிந்த கண், மூன்று மொழியில் நாலு வார்த்தை தைரியமாகப் பேசும் வாய். முதல் மூன்றும் நம் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே இருக்கிறது. நாலாவதைப் பழகலாம். கம்பியில் சிக்கியவரை மீட்பது, முதலுதவி, கருவிகளைப் பரிசோதித்துக் குறிப்பு எழுதுவது எல்லாம் பயிற்சியில் வருபவை. கொழும்பில் கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டு, தங்கும் அறைக்குப் பாதிச் சம்பளம் கொடுக்கும் தம்பி, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இந்த வேலையைச் செய்ய முடியுமா என்று யோசிக்க வேண்டும். ஒரு நாள் போய்ப் பார்த்தவனுக்குத்தான் அந்த யோசனையே வரும்.

நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு கூட்டம் கால்நடையாகப் போனது. அன்று தோட்டங்களுக்கு நடந்து வரும்போது அந்தப் பாதையில் விழுந்து இறந்தவர்களை நினைத்து நடந்தார்கள். நடப்பது நம் வரலாறு. அந்த வரலாற்றை மதிக்கிறவளாகத்தான், கொஞ்ச நேரம் கால் நிலத்தில் படாமல் இந்த மலையைத் தாண்டுங்கள் என்று கேட்கிறேன். இது துரோகம் என்று யாராவது சொன்னால், என்னிடம் அனுப்பி வையுங்கள், பேசிக்கொள்கிறேன்.

கடைசியாக, அம்மாவைக் கூட்டிப்போங்கள். ‘எனக்கெதுக்கு இதெல்லாம்’ என்று சொல்வார். மூன்று தடவை கேளுங்கள். இருதய வருத்தம், முதுகெலும்பில் ஒப்பரேஷன், கடுமையான பிரஷர் இருந்தால் வேண்டாம், டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வயது எல்லை உண்டா என்று மட்டும் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். நாற்பது வருஷம் செங்குத்து மலையில் கொழுந்து எடுத்தவருக்கு உயரம் புதிதா? சேலையில் ஹார்னஸ் மாட்ட முடியாது, சுடிதார் வேண்டும், துப்பட்டாவைக் கழற்றிவிட வேண்டும். தலைமுடியைக் கொண்டையாகக் கட்டி ஹெல்மெட்டுக்குள் அடக்கச் சொல்லுங்கள். தாலிக்கொடி சட்டைக்கு உள்ளே இருக்கட்டும். செருப்பு கழன்று விழும், சப்பாத்து போடச் சொல்லுங்கள். அவரிடம் இல்லையென்றால் தங்கச்சியின் சப்பாத்து அளவாக இருக்கும். ஃபோனை நீங்கள் வாங்கி ஸிப் வைத்த பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கம்பிகள் இரண்டு இருப்பதால் அவருக்குப் பக்கத்துக் கம்பியில் நீங்களும் அதே நேரத்தில் போகலாம். முன்கூட்டியே வழிகாட்டியிடம் சொல்லி வையுங்கள், இருவரையும் ஒன்றாக விடச் சொல்லி.

இப்படிக்கு,
பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த உங்கள் அக்கா